ஒன்றாம் நம்பர் டப்பா

சாயங்காலம் நாலு மணிக்கு அந்த மூன்றாம் மாடி வீட்டின் சமையலறையில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சாப்பிட்டு முடித்துத் திரும்பி வந்த இருபது டப்பாக்களும் மேடைமேல் மூடி திறந்து வரிசையாக நிற்கும். லிஃப்ட்காரரின் மனைவி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் குனிந்து பார்ப்பாள். அவள் பார்த்து முடிக்கும்வரை ஒரு டப்பாவிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது.

"ஏழாம் நம்பர் காரட்டைப் பொறுக்கி சோத்துக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கார். நான் பார்க்க மாட்டேன்னு நெனப்பு," என்பாள். "பன்னண்டுக்கு உடம்பு சரியில்ல போலிருக்கு. எல்லாத்துலயும் ரெண்டு வாய் எடுத்துட்டு வெச்சுட்டா. நாளைக்கு சூப்பா குடுத்துடலாம்."

சொல்லிக்கொண்டே நோட்டுப் புத்தகத்தில் எழுதுவாள். எந்த நம்பர், எது மிச்சம், எந்த மூலையில், எவ்வளவு என்று ஒன்று விடாமல் ஏறும். லிஃப்ட்காரர் இதற்கு டப்பா ஜோசியம் என்று பெயர் வைத்திருந்தார். கேலிதான். ஆனால் உள்ளுக்குள் அவருக்கு அசாத்தியப் பெருமை. கூரியர் ஆபீஸ் குமாஸ்தாவின் டப்பாவில் கடித்துச் சாப்பிட வேண்டியதெல்லாம் நாலு நாளாக அப்படியே திரும்பி வந்ததைப் பார்த்து, "இவருக்குப் பல் வலி, சொல்ல வெட்கப்படறார்" என்றாள். ஒரு வாரம் எல்லாவற்றையும் குழைய வேகவைத்து அனுப்பினாள். அந்த மனுஷன் அடுத்த வாரம் வீங்கின கன்னத்தோடு மூன்று மாடி ஏறி வந்து, "அக்கா, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்று மாடி ஏறித்தான் வர வேண்டும். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிறவர் குடியிருக்கும் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது.

அவள் சமையலுக்குப் படித்தவள் இல்லை. பதினோரு வருஷம் மருந்துக்கடை கவுன்ட்டரில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுத்தவள். ஒரே ஆட்கள் ஒரே சீட்டோடு மாதாமாதம் வருவார்கள். சீட்டில் மாத்திரை கூடிக்கொண்டே போகுமே தவிர ஒன்றாவது குறைந்ததை அவள் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்தால் சொந்தப் புருஷனுக்கே பிரஷர். கடை மூடப்பட்ட மாதம் அவள் வேறு வேலை தேடவில்லை. வீட்டில் புருஷனுக்காக எண்ணெயும் உப்பும் குறைத்துச் சமைப்பதையே நாலு பேருக்குச் சமைத்தால் என்ன என்று அடுப்பைப் பற்ற வைத்தாள். மருந்துக்கடைப் புத்தி மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. உப்பைக்கூடச் சிரப் ஊற்றும் குட்டிக் கரண்டியால்தான் அளப்பாள், டப்பா மூடியில் மருந்துச் சீட்டு மாதிரி லேபிள் ஒட்டுவாள். இரண்டு பேருக்கு ஆரம்பித்தது பத்தொன்பது பேர் ஆயிற்று. இருபதாவது ஆள் புருஷன். நம்பர்படி பார்த்தால் அவர்தான் ஒன்று.

லிஃப்ட் பழுது பார்க்கப் போகும் கட்டடங்களில் இருப்பவர்களே வாடிக்கை. அதனால் டப்பாக்களைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் திரும்ப வாங்கி வருவதும் அவர் பொறுப்பு. அலுப்பில்லாமல் செய்தார். அவள் டப்பா கட்ட ஆரம்பித்த பதினாலு மாதமும் ஒன்றாம் நம்பர் டப்பா துடைத்து வைத்த மாதிரிதான் வீடு திரும்பும்.

அவள் அதைத்தான் முதலில் திறப்பாள். திறந்ததும் முகம் மலரும். "நீங்க ஒருத்தர்தாங்க என் சமையலுக்கு மரியாதை குடுக்கிறவர்," என்பாள். லிஃப்ட்காரர் தலையைச் சொறிந்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

திரும்பிக்கொள்ளக் காரணம் இருந்தது. அவருடைய கருவிப் பையில், ஸ்பானருக்கும் கிரீஸ் துணிக்கும் நடுவில், ஸ்க்ரூ போட்டு வைக்கும் சின்னத் தகரச் சிமிழ் ஒன்று கிடக்கும். அதில் ஸ்க்ரூ இல்லை, உப்பு. மொட்டைமாடியில் மோட்டார் அறை நிழலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்ததும் அக்கம்பக்கம் பார்ப்பார். பார்க்க அங்கே புறாவைத் தவிர யாரும் இல்லை, இருந்தாலும் பார்ப்பார். பிறகு சிமிழைத் திறந்து தாராளமாகத் தூவுவார். பெண்டாட்டியை ஏமாற்றுகிறோம் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. மிச்சம் வைத்தால் அவள் மனசு கஷ்டப்படுமே என்றுதான் நினைத்தார். நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷர்கள் செய்யும் தப்புக்குத்தான் ஆயுள் அதிகம்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் அவருக்குப் பிரஷர் பார்ப்பாள். இறங்கியிருக்காது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "உப்பு இன்னும் ஜாஸ்தியோ?" என்பாள். அடுத்த வாரம் குட்டிக் கரண்டியில் கொஞ்சம் குறையும். எல்லாருக்கும் ஒரே பானை, ஆகவே எல்லாருக்கும் குறையும். இவர் சிமிழில் கொஞ்சம் கூடும். பிரஷர் இருந்த இடத்திலேயே இருக்கும். இப்படி அவள் குறைக்க இவர் கூட்ட, ஒரு வருஷம் ஓடிவிட்டது. லிஃப்ட் எந்த மாடியில் ஏன் நிற்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிறவருக்கு இந்தச் சின்ன விஷயம் மண்டையில் ஏறவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பெரிய வாய்ப்பு வந்தது. இருதய ஆபரேஷன் முடிந்தவர்கள் காலையில் வந்து உடற்பயிற்சி செய்துவிட்டுப் போகும் மையம் ஒன்று. அங்கே லிஃப்ட் மாற்றப் போனவர், பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் பெண்டாட்டி பிரதாபத்தை அவிழ்த்துவிட்டார். அந்த அம்மா அவர் மனைவியை வரச் சொன்னார்.

"நாப்பது பேருக்கு மதியச் சாப்பாடு வேணும். ஏற்கெனவே மூணு பேர் சமைச்சுக் குடுத்துப் பார்த்துட்டாங்க. சாப்பாடு பூரா குப்பைத்தொட்டிக்குத்தான் போச்சு. பன்னண்டு நாள், பத்து பேருக்குக் குடுத்துப் பாருங்க. அவங்க சாப்பிட்டா உங்களுக்கு, சாப்பிடலைன்னா விட்டுடலாம்," என்று சொல்லி, யாருக்கு எவ்வளவு உப்பு, எவ்வளவு எண்ணெய் போடலாம் என்று டாக்டர் எழுதிய தாளையும் கொடுத்தார்.

அவள் அந்தத் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். தன் உப்பு அந்த வரம்புக்குள்தான் இருக்கும் என்று நினைத்ததால் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. கீழே தெருமுனையில் இஸ்திரிக் கடை இருந்த அறை காலியாக இருந்தது. அதைப் பெரிய சமையலறையாக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. மாதக் கடைசிவரை வேறு யாருக்கும் விடாதீர்கள் என்று சொல்லி வைத்திருந்தாள். அதே சமயம் வேறொரு மருந்துக்கடையில் வேலைக்கும் கூப்பிட்டிருந்தார்கள். "இது கிடைச்சா கீழ அறை. கிடைக்கலைன்னா பேசாம கவுன்ட்டருக்கே போயிடறேங்க. ரெண்டுல ஒண்ணு. தொங்கல்ல நிக்க என்னால முடியாது," என்றாள்.

முதல் நாள் பத்து டப்பாவும் முக்கால்வாசி நிறைந்து திரும்பின. இரண்டாம் நாளும் அப்படியே. பத்துப் பேரில் ஒருவர் கப்பலில் முப்பது வருஷம் சமையல்காரராக இருந்தவர். அவர் லிஃப்ட்காரரின் முகத்துக்கு நேராகவே, "தம்பி, ஆபரேஷன்ல பொழைச்சுட்டேன். இந்தச் சாப்பாட்டுல பொழைக்க மாட்டேன் போலிருக்கே," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். லிஃப்ட்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் என்ன சொல்ல முடியும்? பையில் சிமிழை வைத்துக்கொண்டு அவர் யாரோடு சண்டை போடுவார்?

அவள் சளைக்கவில்லை. காலை நாலரைக்கே எழுந்து பூண்டை வதக்கிப் பார்த்தாள், எலுமிச்சை பிழிந்தாள், மிளகு வறுத்துப் பொடித்தாள், பூசணியை நெருப்பில் சுட்டுப் பார்த்தாள். மூடி லேபிளில் ஒவ்வொருவருக்கும் நாலு வரி எழுதினாள். டப்பாக்கள் முக்காலிலிருந்து பாதிக்கு இறங்கின, அதற்குக் கீழே இறங்க மறுத்தன. பழைய வாடிக்கையிலும் இரண்டு பேர் நாசூக்காக நின்றுகொண்டார்கள்.

ஏழாம் நாள் நாலு மணிக்கு, அவள் பத்து டப்பாவையும் பார்த்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். ஒன்றாம் நம்பரைக் கையில் எடுத்துக்கொண்டாள். வழக்கம்போல அது பளபளவென்று இருந்தது.

"எனக்கு ஒண்ணும் புரியலைங்க. அதே பருப்பு, அதே காய். நீங்க வழிச்சு சாப்பிடறீங்க. இவங்களுக்கு ஏன் இறங்கல? உங்க பிரஷர் இறங்கணுமேன்னுதானே உப்பை இத்தனை குறைச்சேன். உங்களுக்கே பிடிக்குது, மத்தவங்களுக்குப் பிடிக்காதான்னு ஒரு தைரியத்துலதானே குறைச்சேன்," என்றாள்.

அப்போதுதான் லிஃப்ட்காரரின் மண்டையில் ஏறியது. அத்தனை பேர் வாய்க்கும் சேர்த்துத் தன் வாயை அவள் அளவுகோலாக வைத்திருக்கிறாள் என்று தெரிந்தது. "நாளைக்குப் பார்த்துக்கலாம், விடும்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போய் நின்றார்.

மறுநாள் மதியம் மையத்தின் மாடிப்படித் திருப்பத்தில் டப்பாப் பையை இறக்கி வைத்தார். அவர் திட்டம் சுலபமானது. பத்து டப்பாவிலும் ஆளுக்கு ஒரு சிட்டிகை. ஒரு சிட்டிகையில் யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது? டப்பா காலியாகும், அவள் முகம் மலரும், கீழ் அறை கிடைக்கும். சிமிழைத் திறந்து ஒரு கையில் வைத்துக்கொண்டு, கப்பல் சமையல்காரரின் டப்பாவை மறு கையில் எடுத்தார். மூடியில் அவள் எழுத்து.

'ஐயா, நேற்றும் பருப்பை அப்படியே வைத்துவிட்டீர்கள். தப்பு என்னுடையது. இன்று வேறு மாதிரி செய்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் தயங்காமல் மிச்சம் வையுங்கள். மிச்சம் வைத்தால்தான் எனக்குத் தெரியும்.'

லிஃப்ட்காரர் அதை இரண்டு தடவை படித்தார். முன்பின் தெரியாத ஆளிடம் அவள் கேட்பது உண்மையை. அதைப் பதினாலு மாதமாக, ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, அவர் கொடுக்கவில்லை. தவிர, உள்ளே இருப்பவர்கள் இருதயம் கிழித்துத் தைக்கப்பட்டவர்கள். கையில் உப்போடு நிற்கிற தன்னை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. சிமிழை மூடிப் பைக்குள் போட்டார். டப்பாக்களை உள்ளபடியே கொண்டுபோய்க் கொடுத்தார்.

அன்று நாலு மணிக்கு மேடையில் டப்பாக்கள் வரிசையாக நின்றன. லிஃப்ட்காரர் பையிலிருந்து சிமிழை எடுத்து ஒன்றாம் நம்பருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது என்ன நம்பர்?" என்றாள்.

"ஒண்ணுதான். அதோட சேர்ந்தது."

அவள் சிமிழைத் திறந்தாள். விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"எத்தனை நாளா?"

"நீ டப்பா கட்ட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை கிடையாது," என்றார் லிஃப்ட்காரர், அது ஏதோ நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். ஒன்றாம் நம்பருக்கு நேராக ஒவ்வொரு நாளும் 'காலி' என்று எழுதியிருந்தது. பக்கம் பக்கமாக அவளுடைய அழகான சின்ன எழுத்தில் அதே ஒரு வார்த்தை.

"அத்தனையும் பொய்," என்றாள். "உப்பு போனா போகுதுங்க. ஆனா உங்க டப்பாவைத்தான் நான் முதல்ல திறப்பேன். அதைப் பார்த்த தைரியத்துலதான் மத்ததைத் திறப்பேன். பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் என்ன உங்களைக் கடிச்சா முழுங்கிடுவேன்?"

"நீ மனசு கஷ்டப்படுவியேன்னு..."

"இப்ப மட்டும் குளுகுளுன்னு இருக்கா?"

லிஃப்ட்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் அழுதாள். அவரும் பக்கத்தில் சும்மா நின்றார். சமாதானம் சொல்லத் தனக்கு யோக்கியதை இல்லை என்கிற அளவுக்காவது அவருக்குப் புத்தி இருந்தது.

ஆனால் அவள் எப்பேர்ப்பட்டவள் என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, பத்து நாள் பேசாமல் இருந்திருப்பார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டினாள். ஒன்றாம் நம்பர் வரிகளைப் பேனாவால் நேர்கோடு போட்டு அடித்தாள். பிறகு மற்றவர்களின் வரிகளை மட்டும் ஆரம்பத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள்.

"இங்க பாருங்க. மூணாவது மாசம். அப்ப இருந்த பதினாறு பேர்ல பதிமூணு பேர் காலி பண்ணியிருக்காங்க. உப்பு நாலு கரண்டி. ஆறாவது மாசம் மூணு கரண்டி, பாதிப் பேர் மிச்சம். இப்ப ஆளு கூடியும் ஒண்ணரைதான்." சுவரில் ஒட்டியிருந்த டாக்டர் தாளைப் போய்ப் பார்த்தாள். தலைக்கு எவ்வளவு என்று விரல் விட்டுப் பார்த்தாள். "இருதய நோயாளிக்கே டாக்டர் எழுதினது இதைவிட ரெண்டு மடங்கு. நான் அவரையும் தாண்டிப் பெரிய டாக்டராயிட்டேன். ஒரு ஆளோட திருட்டு வாயை நம்பி ஊர் நாக்கையே சாகடிச்சிருக்கேன்!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அழுகையைவிட அந்தச் சிரிப்புக்குத்தான் லிஃப்ட்காரர் அதிகம் பயந்தார்.

மறுநாள் காலை அவளே மையத்துக்குப் போனாள். பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை. "இத்தனை நாள் குடுத்தது தப்பான சாப்பாடு. டாக்டர் சொன்னதுல பாதி உப்புதான் போட்டிருக்கேன். தப்பு எங்க வீட்டுல. இன்னும் நாலு நாள் இருக்கு. அந்த நாலை மட்டும் வெச்சு முடிவு பண்ணுங்க," என்றாள். அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முன்னாடி சமைச்ச மூணு பேரும் பேஷன்ட்டுக்குத்தான் திமிருன்னு சொல்லிட்டுப் போனாங்க. தப்பு என்னுதுன்னு சொல்ற முதல் ஆள் நீங்கதான்," என்றார்.

பழைய வாடிக்கைகளையும் அவள் விடவில்லை. நின்றுபோன இரண்டு பேர் உட்பட எல்லாருக்கும் சீட்டு எழுதினாள். 'உப்பு அளவு தவறிவிட்டது. காரணம் வீட்டிலேயே இருக்கிறது. இன்று முதல் திருத்தப்பட்டது.' அந்தச் சீட்டை வீடு வீடாக, ஆபீஸ் ஆபீஸாகக் கொண்டுபோய்க் கொடுத்ததும் சாட்சாத் காரணம்தான். கூரியர் குமாஸ்தா சீட்டைப் படித்துவிட்டு லிஃப்ட்காரரை மேலும் கீழும் பார்த்து, "அண்ணே, யாருண்ணே அந்தக் காரணம்?" என்றார். லிஃப்ட்காரர் அசடு வழிந்துகொண்டே படி இறங்கினார். அவருக்குக் கிடைத்த தண்டனை அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது.

டாக்டர் தாளில் இருந்த அளவுக்கு ஒரு கடுகளவும் கூடாமல் உப்பு ஏறியது. ஆனால் இத்தனை நாள் உப்பில்லாமல் ருசி தேடித் தேடி அவள் கற்றுக்கொண்ட வதக்கிய பூண்டும் சுட்ட பூசணியும் அப்படியே இருந்தன. மூன்றாவது மாதத்துச் சாப்பாட்டைவிட இது எங்கேயோ போய்விட்டது. தப்பான வழியில் ஒரு வருஷம் நடந்தாலும் வழியில் கிடந்ததையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வருகிற கை அது.

கடைசி நாள். பத்து டப்பாவில் ஏழு காலி. இரண்டில் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம், ஒருவர் அன்று வரவேயில்லை. கப்பல் சமையல்காரரின் டப்பாவில் மூன்று எலுமிச்சை விதை மட்டும் இருந்தது. மூடியில் அவள் எழுதிய லேபிளுக்குக் கீழே பென்சிலால், 'அம்மா, சுட்ட பூசணியை எனக்குச் சொல்லித் தர வேண்டும்' என்று எழுதியிருந்தார். லிஃப்ட்காரர் அதைக் கண்ணாடி போட்ட படம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். ஏறி வந்து மூச்சு வாங்க, "திங்கக்கிழமைலேர்ந்து நாப்பது பேருக்கு. அந்தம்மா சொல்லிட்டாங்க," என்றார்.

அவள் குதிக்கவில்லை. மேடையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு, "இருங்க, இன்னும் பார்த்து முடிக்கல," என்று கண்ணாடியை மாட்டினாள்.

ஒன்றாம் நம்பரைக் கடைசியாகத்தான் திறந்தாள். முந்தின மூன்று நாளும் பயத்தில் எல்லாவற்றையும் விழுங்கிவைத்த லிஃப்ட்காரர் அன்றைக்குத்தான் முதல்முறையாக மனசாட்சிப்படி சாப்பிட்டிருந்தார். பருப்பு காலி. சோறு காலி. மூலையில் சிவப்பாக, குவியலாக, தொட்டுக்கூடப் பார்க்காத பீட்ரூட்.

அவள் குனிந்து அதை ரொம்ப நேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் அந்தப் பதினாலு மாதத்தில் எந்தக் காலி டப்பாவுக்கும் மலராத மாதிரி மலர்ந்திருந்தது.

"பீட்ரூட் உங்களுக்குப் பிடிக்காதா?"

"பிடிக்காது."

"கல்யாணமாகி இருபத்திமூணு வருஷம் ஆகுது. வாரத்துக்கு ரெண்டு தடவை பண்றேன்."

"என்னிக்குமே பிடிச்சதில்ல," என்றார் லிஃப்ட்காரர்.

அவள் நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினாள். மேலே தேதி போட்டு, ஒன்று என்று எழுதி, அதற்கு நேராக 'பீட்ரூட் மிச்சம்' என்று எழுதினாள். பிறகு மேடையில் கிடந்த தகரச் சிமிழைக் கழுவித் துடைத்து, ஸ்க்ரூ போட்டுக்கொள்ளச் சொல்லி அவர் கையில் கொடுத்தாள்.